தட்டைப்பயறு களைக்கொல்லியைத் தாங்குமா?

கேள்வி: எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். ஒன்றரை ஏக்கரில் தட்டைப்பயறு தனிப்பயிராகவும், அரை ஏக்கரில் மக்காச்சோளத்துக்கு நடுவே ஊடுபயிராகவும் போட்டிருக்கிறேன். இன்றோடு 18 நாள். சாரணையும் புல்லும் பயிரை முந்துகின்றன. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. உளுந்துக்கு அடிக்கிற மருந்தையே இதற்கும் அடிக்கலாம், கூடவே ஒரு டானிக்கும் ஒட்டும் திரவமும் கலந்துகொண்டால் பயிருக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் கடைக்காரர். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் களைமருந்து அடித்து, பயிர் மஞ்சளாகி முடங்கிப்போனதைப் பார்த்தேன். தட்டைப்பயறு களைக்கொல்லியைத் தாங்குமா, தாங்காதா? எடுக்கிற களையை ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: பதினெட்டாம் நாள் காத்திருக்கிற நாள் இல்லை என்பதால் இவருக்கு அன்றே போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். தட்டைப்பயறு, காராமணி, தட்டாம்பயறு என்று ஊருக்கு ஒரு பெயரில் இதைப் போடுகிற எல்லோரிடமும் இதே கேள்வி இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தாங்கும். ஆனால் எந்த மருந்து, எத்தனையாவது நாள், எவ்வளவு அளவு என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் தாங்கும். புல்லை மட்டும் கொல்கிற மருந்துகள் தட்டைப்பயறை ஒன்றும் செய்யாது. விதைத்தவுடன் மண்ணில் அடிக்கிற பெண்டிமெத்தலினையும் நன்றாகத் தாங்கும். புல், அகல இலைக் களை இரண்டையும் கொல்கிற சில மருந்துகளைச் சற்று வாடித் தாங்கும். மக்காச்சோளம், கரும்பு, நெல்லுக்கென்று விற்கிற மருந்துகளில் பெரும்பாலானவை தட்டைப்பயறைக் களையாகத்தான் பார்க்கும்.

கடைக்காரர் காட்டிய பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சோடியம் அசிஃபுளோர்ஃபென், கிளோடினாஃபாப் இரண்டும் சேர்ந்த மருந்து. இதில் கிளோடினாஃபாப் புல்லுக்கானது, பயறுக்கு ஆபத்தில்லை. அசிஃபுளோர்ஃபென் பட்ட இடத்தில் இலையைக் கருக்கும். தட்டைப்பயறு இலையில் பழுப்புப் புள்ளிகளும் ஓரக் கருகலும் வரும். மண்ணில் ஈரம் இருந்தால் புதுத்துளிர் விட்டுத் தேறிவிடும். காய்ந்த நிலத்தில், உச்சி வெயிலில் அடித்தால் தேறுவதற்குள் பத்துப் பதினைந்து நாள் போய்விடும். 65, 70 நாளில் முடிகிற பயிருக்குப் பதினைந்து நாள் என்பது சின்ன இழப்பு இல்லை. இதோடு ஒட்டும் திரவம் கலந்தால் மருந்து இலைக்குள் வேகமாக இறங்கும், கருகலும் அதே அளவுக்குக் கூடும். பயிரைக் காப்பாற்றத்தான் ஒட்டும் திரவம் என்று கடைக்காரர் சொன்னது தலைகீழ்.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது வேறு. மஞ்சளாகி முடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அசிஃபுளோர்ஃபென் அடித்தால் கருகும், மஞ்சளாகாது. புதுத்துளிர் மஞ்சளாகி, கணு குட்டையாகிச் செடி நின்றுபோவது இமாசெதாபைர் என்ற இன்னொரு களைக்கொல்லியின் குணம். விசாரிக்கச் சொன்னேன். அதேதான். இமாசெதாபைர் 10 சதவீத மருந்தை 10 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி ஊற்றி, ஏக்கருக்கு 12 டேங்க் அடித்திருக்கிறார். மொத்தம் 480 மில்லி. உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 50 கிராம் மூலப்பொருள் (பாட்டிலில் களையைக் கொல்கிற சரக்கு மட்டும்), அதாவது பாட்டில் கணக்கில் ஏக்கருக்கு 200 மில்லி. சோயாவுக்கு லேபிளில் போட்டிருக்கிற அளவே 400 மில்லிதான். அவர் அதையும் தாண்டிவிட்டார்.

இமாசெதாபைர் தட்டைப்பயறுக்கு ஆகாத மருந்து இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தட்டைப்பயறுக்கு அனுமதி பெற்ற மருந்து அது. செடி அதை உறிஞ்சிக்கொண்டாலும் தன் உடம்புக்குள்ளேயே சிதைத்துவிடும். களைக்கு அந்தச் சக்தி இல்லாததால் அது சாகிறது. ஆனால் செடி தெம்பாக இருந்தால்தான் சிதைக்கும் வேலை நடக்கும். வாடி நிற்கிற செடி, தண்ணீர் தேங்கி வேர் திணறுகிற செடி, பூச்சி தின்ற செடி இவற்றுக்கெல்லாம் சரியான அளவு மருந்தே கூட அதிகமாகப் போய்விடும். அளவோடு அடித்தாலும் ஒரு வாரம் துளிர் லேசாக வெளுத்து நிற்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டாவது வாரம் பச்சை திரும்பிவிடும்.

இங்கேதான் டானிக் உள்ளே வருகிறது. வயதான விவசாயிகள்கூட இதில் ஏமாறுவதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. களைமருந்து அடித்த ஒரு வாரத்தில் பயிர் வெளுக்கிறது. பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறீர்கள். "மாற்று மருந்து இருக்கிறது" என்று ஒரு டானிக் பாட்டிலைத் தருகிறார்கள். அதை அடித்த ஒரு வாரத்தில் பச்சை திரும்புகிறது. டானிக்தான் காப்பாற்றியது என்று நம்பி அடுத்த வருஷம் முதலிலேயே அதையும் சேர்த்து வாங்குகிறீர்கள். பச்சை திரும்பியது செடியின் சொந்த சக்தியால். இமாசெதாபைருக்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. வெளுத்த பயிருக்கு ஒரு தண்ணீர் விட்டால் போதும். களைமருந்து டேங்கில் டானிக்கோ, யூரியாவோ, பூச்சிமருந்தோ எதையும் கலக்காதீர்கள். ஒரே நடையில் இரண்டு வேலை முடிந்துவிடும் என்று ஆசைகாட்டி மூன்று பாட்டிலைக் கையில் கொடுப்பதுதான் அங்கே நடக்கிறது. பயிர் கருகினால் எந்தப் பாட்டிலால் கருகியது என்று உங்களால் சொல்லவே முடியாது. விற்றவருக்கு அது வசதி.

"டேங்குக்கு இவ்வளவு, மூடிக்கு இவ்வளவு" என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். டேங்க் 10 லிட்டர் இருக்கிறது, 16 லிட்டர் இருக்கிறது. ஒருவர் ஏக்கருக்கு 8 டேங்கில் முடிக்கிறார், இன்னொருவர் 20 டேங்க் அடிக்கிறார். மருந்தின் அளவு நிலத்துக்குத்தானே ஒழிய டேங்குக்கு இல்லை. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, வழக்கமான நடையில் 10 சென்ட் அடித்துப் பாருங்கள். 20 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். அப்போது ஏக்கருக்கு 200 மில்லி மருந்து என்றால் லிட்டருக்கு 1 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 16 மில்லி. தண்ணீர் குறைவாகச் செலவானால் டேங்குக்கு ஊற்றுகிற மருந்து கூடும். இந்தக் கணக்கை மருந்து வாங்கும் முன்பே வீட்டில் போட்டுவிடுங்கள். விசைத்தெளிப்பானில் களைமருந்து வேண்டவே வேண்டாம். விசிறி போல் அடிக்கிற நாசில் போட்ட கைத்தெளிப்பான் போதும்.

சரி, உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு வருவோம். வயலில் இறங்கி, எது அதிகம் என்று பாருங்கள். புல்தான் அதிகம் என்றால் குவிசாலோஃபாப் எத்தில் 5 சதவீத மருந்து ஏக்கருக்கு 400 மில்லி. புல் இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்க வேண்டும். அடித்த மறுநாள் ஒன்றும் தெரியாது. ஏழெட்டு நாள் கழித்துப் புல்லின் நடுக்குருத்தை இழுத்துப் பாருங்கள், அடி அழுகிக் கையோடு வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று மூன்றாம் நாளே இரண்டாவது முறை அடித்துவிடாதீர்கள். சாரணையும் கீரை வகைக் களைகளும்தான் அதிகம், அவை இன்னும் சின்னதாக இருக்கின்றன என்றால் இமாசெதாபைர் ஏக்கருக்கு 200 மில்லி. சாரணை உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிட்டிருந்தால் அந்த மருந்தும் வீண், பணமும் வீண். மிஞ்சிப் போனால் நுனி வாடிவிட்டு மறுபடியும் துளிர்க்கும். கோரைக்கு இந்த இரண்டில் எதையும் நம்பாதீர்கள். கோரைக்கென்று கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் விற்கிற ஹாலோசல்ஃபியூரானைத் தட்டைப்பயறு மேல் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இமாசெதாபைர் அடித்தால் அடுத்த பயிரையும் இப்போதே யோசிக்க வேண்டும். அது மண்ணில் பல மாதம் தங்கும். பின்னால் சோளம், பருத்தி, தக்காளி, கத்தரி வைக்கிற நிலமானால் அடிக்காமல் இருப்பதே நல்லது. நிலக்கடலையோ மறுபடி பயறோ என்றால் கவலையில்லை. ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள், அந்த வயல் மண்ணை ஒரு தொட்டியிலும் மருந்து படாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, வைக்கப்போகிற பயிரின் விதையில் பத்துப் பத்துப் போட்டு இரண்டு வாரம் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் துணிந்து விதைக்கலாம்.

இப்போது அந்த அரை ஏக்கர். இதை நிதானமாகப் படியுங்கள். போனில் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

மக்காச்சோளம் ஒரு புல். தட்டைப்பயறு அகல இலைச் செடி. முளைத்த பிறகு அடிக்கிற மருந்துகளில் ஒன்றுக்குப் பாதுகாப்பானது பெரும்பாலும் மற்றொன்றைக் கொல்லும். தனிப்பயிருக்கு வாங்கிய குவிசாலோஃபாப் டேங்கில் மிச்சம் இருக்கிறதே என்று ஊடுபயிருக்குள் நடந்தால் மக்காச்சோளம் குருத்தழுகிப் போகும். இமாசெதாபைரையும் சாதாரண மக்காச்சோளம் தாங்காது. சரி, மக்காச்சோள மருந்தை அடிக்கலாமா என்றால் அட்ரசின் தட்டைப்பயறை எரிக்கும். முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு காய்ந்து மேலே ஏறும். டெம்போட்ரியோன், டோப்ரமிசோன் இரண்டும் பயறின் துளிரை வெள்ளையாக்கிவிடும். 2,4-டி பட்டால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை கரண்டி மாதிரி குழிந்துவிடும். ஆக, இரண்டு பயிரும் முளைத்து நிற்கிற வயலில் மேலாக அடிக்க நான் நம்பிச் சொல்கிற மருந்து இல்லை. யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

மக்காச்சோளத்திலோ சோளத்திலோ பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் அடிக்கக் கூடாது, விதைத்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பெண்டிமெத்தலின் அடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் பயிர் சாகுபடிக் கையேட்டிலேயே இருக்கிறது. ஹெக்டேருக்கு 750 கிராம் மூலப்பொருள், 30 சதவீத மருந்தாக ஏக்கருக்கு 1 லிட்டர். ஆனால் இந்த ஒரு வரி எத்தனை பேருக்குத் தெரியும்? மக்காச்சோளம் என்று சொன்னவுடன் கடையில் அட்ரசின் பாக்கெட்டை எடுத்து வைக்கிறார்கள், நடுவில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. பயறு முளைத்து வந்து காய்ந்த பிறகு விதை சரியில்லை என்று விதைக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். போன போகத்தில் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடித்த நிலத்தில் இந்தப் போகம் தட்டைப்பயறு தனியாகப் போட்டாலும் இதே சிக்கல் வரலாம், குறிப்பாக மழை குறைந்த வருஷத்தில். உங்கள் அரை ஏக்கரில் பெண்டிமெத்தலின் காலம் தாண்டிவிட்டது. அங்கே கொத்துதான் வழி. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் கிடைக்கிற ஒன்றிரண்டு ஆட்களை முதலில் அந்த அரை ஏக்கருக்குள் இறக்குங்கள். மருந்துக்கு வழியிருக்கிற ஒன்றரை ஏக்கரை ஆள் இல்லாமலே சமாளிக்கலாம்.

தெளிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருஷங்களுக்கு முன் நான் போய்ப் பார்த்த ஒரு வயலில் மருந்து சரி, அளவு சரி, நாளும் சரி. ஆனாலும் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றன. வாடகைக்கு எடுத்த தெளிப்பான். முந்தின நாள் கரும்பில் 2,4-டி அடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். குழாயிலும் வடிகட்டியிலும் தங்கிய மிச்சம் போதும், பயறு கெட்டுப்போக. அந்தக் குடும்பம் அந்தப் போகம் முழுவதையும் இழந்தது. வாடகைத் தெளிப்பானை வாங்கும் முன் கடைசியாக எதற்கு அடித்தது என்று கேளுங்கள். சலவை சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி நாசில் வழியாகவே வெளியேற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். முடிந்தால் பயறுக்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்வது இதைவிட நல்லது.

வரிசைக்கு நடுவே, எல்லாப் பச்சையையும் கொல்கிற கிளைபோசேட்டை மறைப்பு வைத்து அடிக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. தட்டைப்பயறுக்கு அதைத் தாங்கும் சக்தி துளிகூட இல்லை, காற்றில் ஒரு சாரல் பட்டாலே போதும். 2022 அக்டோபரில் மத்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலாளர்கள் வழியாக அல்லாமல் யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பக்கம் போகவே வேண்டாம். அது உடம்புக்குள் போனால் முறிக்க மருந்தில்லை.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். களைமருந்து பாட்டில்களைத் திருப்பிப் படித்தால் சோயா, நிலக்கடலை, உளுந்து என்று இருக்கும். தட்டைப்பயறின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். நம் மானாவாரி நிலமெல்லாம் நெடுங்காலமாகப் போடுகிற பயிர், ஏழை வீட்டுக் குழம்பில் கிடக்கிற பயிர். ஆனால் மருந்து விற்கிற அளவுக்குப் பெரிய சந்தை இல்லை, அதனால் பதிவு செய்யச் செலவழிக்க யாரும் முன்வருவதில்லை. லேபிளில் பயிர் பெயர் இல்லாத மருந்தால் பயிர் போனால் நஷ்டஈடு கேட்க உங்களுக்கு ஆதாரம் இல்லை. ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமே இருக்கிறது, தட்டைப்பயறில் நல்ல ரகங்கள் அங்கிருந்து வந்திருக்கின்றன. ஆனால் பரிந்துரை எல்லாம் ஹெக்டேருக்கு இத்தனை கிராம் மூலப்பொருள் என்ற மொழியில் வருகிறது. ஏக்கரும் சென்ட்டுமாக வாழ்கிறவருக்கு அதை யார் மாற்றிச் சொல்வது? ஒரு உதவி வேளாண்மை அலுவலருக்குப் பல கிராமங்கள், தலைக்கு மேல் மானியப் படிவங்கள். அந்த வெற்றிடத்தில்தான் மருந்துக் கடை டாக்டராகிவிடுகிறது. கடை உரிமத்துக்குப் படிப்புத் தகுதி வேண்டும் என்று விதி இருக்கிறது, கல்லாவில் நிற்பவருக்கு அந்தப் படிப்பு இருக்கிறதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை.

அதனால் உங்களைக் காத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மூலிகைக் களைக்கொல்லி, ஆர்கானிக் களைக்கொல்லி எதையும் தொடாதீர்கள். காலி பாட்டிலைப் பயிர் அறுவடையாகும் வரை பத்திரமாகத் தனியே வைத்திருங்கள், பில்லோடு சேர்த்து. சந்தேகம் வந்தால் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பாதிக்கப்பட்ட செடியை வேரோடு பிடுங்கி எடுத்துப் போங்கள். வெறும் வாய்வார்த்தையாகச் சொன்னால் அவர்களாலும் சரியாகச் சொல்ல முடியாது.

அடுத்த முறை விதைக்கும்போது இந்தத் தவிப்பே வராமல் செய்யலாம். தனிப்பயிருக்கு விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்து, இறவையில் ஏக்கருக்கு 1.3 லிட்டர், மானாவாரியில் 1 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, ஈரமான மண் மேல் பின்னோக்கி நடந்து அடிக்க வேண்டும். அடித்த இடத்தை மிதித்தால் மேல்மண்ணில் உண்டாகிற மருந்துப் படலம் உடையும். இது முளைக்கிற விதையின் வேரையும் குருத்தையும் வளரவிடாமல் நிறுத்துகிற மருந்து. முளைத்துவிட்ட களையை ஒன்றும் செய்யாது. தட்டைப்பயறு தப்புவது விதை ஆழத்தால். 3, 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிற விதை மேல்படலத்துக்குக் கீழே வேர்விட்டுக்கொள்ளும். தூவி விதைத்து மண் சரியாக மூடாத விதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மணல்சாரி நிலத்தில் மருந்து அடித்தவுடன் பெருமழை பிடித்தால் மருந்து விதை வரைக்கும் இறங்கும், அங்கே அளவைக் குறைத்தே அடியுங்கள். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர் விட்டு விதைத்தால் 25ஆம் நாள் சக்கரக் களைக்கொத்தியை ஒருவரே ஓட்டிவிடலாம், செடிக்குச் செடி இடையில் மட்டும் கை வைத்தால் போதும். முதல் 30, 35 நாள் பயிரைக் காப்பாற்றிவிட்டால் அப்புறம் தட்டைப்பயறு தானே படர்ந்து நிலத்தை மூடிக் களையை அமுக்கிவிடும்.

கடைசியாக ஆடு. மருந்து அடித்த ஒன்றரை ஏக்கரிலிருந்து களையோ பயறுக் கொடியோ எதையும் இப்போது ஆட்டுக்குப் போடாதீர்கள். அறுவடைக்குப் பிறகு கொடியைத் தீவனமாக்க நினைத்தால் லேபிளில் காத்திருப்புக் காலம் என்று போட்டிருக்கிற நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து படாத அரை ஏக்கரில் கொத்துகிற புல்லைப் போடலாம். சாரணையை அள்ளிக் கொட்டாதீர்கள், அதிகம் தின்றால் ஆட்டுக்கு ஆகாது.